ஆண் முயல் குட்டி போட்டால்...

"தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்" என்று சாதிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கதை அதற்கும் ஒரு படி மேல். வாங்கி வந்த இரண்டு முயலும் ஆண்தான் என்று ஐந்து மாத காலம் சாதித்து வந்தோம். பங்குனியில் ஒரு நாள் விடியற்காலை, அந்த 'ஆண்'களில் ஒன்று ஐந்து குட்டிகளைப் போட்டுவிட்டது!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், பாதகமில்லை. நாங்களும் முதலில் சிரிக்கத்தான் சிரித்தோம். ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் சமையலையும் தையலையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த வாரம் முயல் சமாசாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் என்று நம் பக்கத்துப் புறநகர்களில் எங்கே பார்த்தாலும் இப்போது அடுக்கு மாடி வீடுகள். நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். பூனைக்கோ மாமியார் சம்மதிக்கமாட்டார். குழந்தைகள் விடுகிறார்களா? கடைசியில் முயலில் வந்து நிற்கிறது. குரைக்காது, கடிக்காது, கீரை தின்றுவிட்டுக் கூண்டில் கிடக்கும் என்று எண்ணி வாங்கிவிடுகிறோம். என் பேரனுக்கும் அவனுடைய அப்பா அப்படித்தான் ஒரு கடையில் ஜோடியாக வாங்கிக் கொடுத்தார். "இரண்டும் கடா, சார். கவலையே வேண்டாம்" என்றாராம் கடைக்காரர். பேரன் ஒன்றுக்கு ராஜா என்றும் இன்னொன்றுக்கு மந்திரி என்றும் பெயர் வைத்தான். குட்டி போட்டது ராஜா!

கடைக்காரரைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? இரண்டு மாதத்துக் குட்டியில் ஆண் பெண் வித்தியாசம் கண்டுபிடிப்பது பழகிய கண்ணுக்கே கஷ்டம். மூன்று, மூன்றரை மாதம் ஆன பிறகு ஒரு கால்நடை டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நாங்கள் காட்டவில்லை. தவறு எங்களுடையதுதான்.

அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். கூண்டின் கம்பித் தரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டிகள் கிடந்தன. உடம்பில் ரோமம் இல்லை. கண் திறக்கவில்லை. கட்டை விரல் நீளம்கூட இருக்காது என்று தோன்றியது. இரண்டு குட்டிகள் சில்லிட்டுப் போயிருந்தன. மூன்று நெளிந்துகொண்டிருந்தன. தாயோ ஒரு மூலையில், 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்பது போல உட்கார்ந்திருந்தது.

"மனுஷர் கை பட்டுவிட்டால் தாய் சேர்க்காது" என்றார் எதிர் வீட்டு மாமி. "இதுவோ ஏற்கனவே சேர்க்கவில்லையே!" என்றாள் என் மருமகள். பகல் முழுவதும் காத்துப் பார்த்தோம். ஒரு தடவையாவது அது குட்டிகளின் பக்கம் போகவில்லை. பெற்ற தாயே கைவிட்டுவிட்டது என்று தீர்மானித்தோம். மூன்று குட்டிகளையும் எடுத்துப் பஞ்சு வைத்த அட்டைப் பெட்டியில் போட்டுச் சமையலறையில் வைத்துக்கொண்டோம். பசும்பாலில் வெந்நீர் கலந்து, மருந்து விடும் சொட்டுக் குழாயால் ராத்திரியெல்லாம் மாற்றி மாற்றிப் புகட்டினோம். ஒன்றுக்குப் புரையேறி அப்போதே போய்விட்டது. மற்ற இரண்டும் மூன்றாம் நாள் அஸ்தமிக்கும் முன் போய்விட்டன. கொல்லையில் முருங்கை மரத்தடியில் குழி தோண்டி வைத்துவிட்டு வந்து, பேரன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

தாயையாவது காட்டுவோம் என்று மறுநாள் ஒரு டாக்டர் அம்மாளிடம் எடுத்துப் போனோம். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார்: "அது குட்டிகளைக் கைவிடவே இல்லை, அம்மா. முயல் நாய் பூனை மாதிரி குட்டியோடு படுத்திருக்காது. நாள் முழுவதற்கும் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, ராத்திரியிலோ விடியற்காலையிலோ வந்து மூன்று, நாலு நிமிஷம் பால் கொடுக்கும். மற்ற நேரமெல்லாம் விலகித்தான் இருக்கும். மோப்பம் பிடித்துக்கொண்டு நரியோ நாயோ வந்துவிடக் கூடாதே என்று அதன் ஜாதிக்கே ஏற்பட்ட ஜாக்கிரதை அது. ராத்திரி அது பால் கொடுக்க வந்திருக்கும். குட்டிகள்தான் அங்கே இல்லை."

என் பேரன் என் முகத்தைப் பார்த்தான். "அப்போ அம்மாகிட்டேயே விட்டிருந்தா பிழைச்சிருக்குமா பாட்டி?" என்று கேட்டான். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பிழைத்திருக்கலாம், கண்ணா. நமக்குத் தெரியாமல் போச்சு" என்றேன்.

டாக்டர் அம்மாள் அதோடு விடவில்லை. "ஆண் முயல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். "அதே கூண்டில்தான்" என்றோம். "அப்படியானால் குட்டி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து, அதிலிருந்து 31 நாள் எண்ணிக்கொள்ளுங்கள். பெண் முயல் குட்டி போட்ட அன்றைக்கே மறுபடியும் சினை பிடிக்கும்" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக மந்திரிக்குத் தனி வாசம் ஏற்பாடாயிற்று.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் எதிர்பாராமல் இப்படி நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். கூண்டில் உள்ள இன்னொரு முயலை அந்த நிமிஷமே வேறு இடத்தில் வையுங்கள். முயலுக்குப் பருவகாலம் என்று தனியாக இல்லை. ஆணோடு சேர்ந்த பிறகு சுமார் 10 மணி நேரத்தில் கருமுட்டை வெளிப்படும் என்பது அதன் உடற்கூறு. ஆகவே, "ஒரு நாள்தானே, சேர்ந்து இருக்கட்டும்" என்ற பேச்சே கூடாது.

சினை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வயிறு பெருப்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசி வாரம் வரையில்கூடத் தெரியாமல் போகலாம். பத்து முதல் பதினாலு நாளுக்குள் டாக்டர் வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். எங்கள் ராணியை - ஆம், ராஜாவுக்கு இப்போது அதுதான் பெயர் - பன்னிரண்டாம் நாள் காட்டினோம். உள்ளே திராட்சைப் பழம் போல உருண்டை உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படுகிறது என்றார். இதை நீங்களே வீட்டில் அழுத்திப் பார்க்கக் கூடாது, குட்டிகளுக்கு ஆபத்து. பொய்ச் சினை என்று ஒன்றும் உண்டு. குட்டியே இல்லாமல், 16, 17 நாளில் ரோமத்தைப் பிடுங்கிக் கூடு கட்டத் தொடங்கும். அதைக் கண்டு பதறவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம்.

பிள்ளைத்தாய்ச்சி என்றவுடன் நமக்குக் கை சும்மா இருக்காது. "லேகியம் கிளறட்டுமா?" என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்தார். முயலுக்கு விருந்தே புல்தான். அறுகம்புல், கினியாப்புல் போன்றவற்றை மழையும் பனியும் படாமல் உலர்த்தி, எந்த நேரமும் கூண்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் நாளில் குதிரைமசால் அதிகம் கூடாது. சினையாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் அதில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் நல்லது. முருங்கை இலை, கல்யாண முருங்கை இலை, கொத்தமல்லி, முள்ளங்கி இலை இவற்றை அலம்பி, ஈரம் வடியவிட்டுக் கொடுக்கலாம். கடையில் விற்கும் குச்சித் தீவனமும் கொஞ்சம் கூட்டலாம். எதையும் திடீரென்று மாற்றாமல், ஒரு வாரத்தில் சிறுகச் சிறுக மாற்றுங்கள். காரட் மிட்டாய் மாதிரி; ஆசைக்கு ஒரு துண்டு போதும். பிஸ்கட், ரொட்டி, சோறு, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குச் செடியின் இலை இவை கூடவே கூடாது. வாசலில் பூத்திருக்கிறதே அரளி, அதன் பக்கமே விடக் கூடாது, கொடிய விஷம்.

தண்ணீர் இரண்டு மண் சட்டிகளில் வையுங்கள். ஒன்றைக் கவிழ்த்துவிட்டாலும் மற்றொன்று இருக்கும்.

அடுத்தது, குட்டி போடும் பெட்டி. இது இல்லாமல்தான் எங்கள் முதல் ஐந்து குட்டிகளும் கம்பித் தரையில் விழுந்தன. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மரச்சாமான்களுக்குக் கேட்பானேன்! அங்கே ஒரு மரப்பெட்டி வாங்கினோம். நீளம் 18 அங்குலம், அகலம் 12, உயரம் 12. முன் பலகையை மட்டும் ஆறு அங்குலமாக அறுத்தோம். தாய் சுலபமாகத் தாண்டும். குட்டி தவழ்ந்து வெளியே விழாது. சிறுநீர் தேங்காமல் இருக்க அடியில் சில துளைகள். உள்ளே நிறைய உலர்ந்த புல். பஞ்சும் நூல் பிரியும் துணியும் போடாதீர்கள். குட்டிகளின் கழுத்திலும் காலிலும் சுற்றிக்கொள்ளும். பெட்டியை 28-ஆம் நாள் கூண்டில் வைத்தால் போதும். முன்னாலேயே வைத்தால் அதைக் கழிவறையாக்கிவிடும்! கடைசி நாளில் தாய் வாய் நிறையப் புல்லைக் கௌவிக்கொண்டு போவதும், தன் மார்பு ரோமத்தைத் தானே பிடுங்கி மெத்தை போடுவதும் பார்க்க வேண்டிய காட்சி.

எங்களுக்கு இருந்த பெரிய பயம் வெயில். எண்ணிப் பார்த்தால் 31-ஆம் நாள் கத்திரி தொடங்கிய நாலாம் நாளில் வந்து விழுந்தது! மீனம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் அவை. முயலுக்கு வியர்வை கிடையாது. உடம்புச் சூட்டைக் காதுகளின் வழியாகத்தான் பெரும்பாலும் ஆற்றிக்கொள்ளும். 30 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குக் கஷ்டம். சினை முயலுக்கு உயிராபத்து. மொட்டை மாடியிலும் தகரக் கொட்டகையிலும் கூண்டை வைக்கவே கூடாது. நாங்கள் பின்கட்டில், சிமெண்டுத் தரைக்கு அருகே வைத்தோம். கம்பிக் கதவில் நனைத்த சாக்கு. படுத்துக்கொள்ளத் தண்ணீரில் ஊறிய ஓடு ஒன்று. ஐஸ் பெட்டியில் உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் போட்டால், அதன்மேல் சாய்ந்துகொள்ளும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ எச்சில் வடிந்தாலோ, ஈரத் துணியால் காதுகளைத் துடைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும்.

நம் பக்கத்தில் எறும்பையும் மறக்கக் கூடாது. பிறந்த குட்டியை எறும்பு மொய்த்தால் மிஞ்சாது. பலகாரப் பெட்டிக்குச் செய்கிறோமே, அதே உபாயம்தான். கூண்டின் நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். பெருச்சாளி, பூனை, ஏரிக்கரை வீடுகளில் பாம்பு - இவை நுழையாதபடி நெருங்கிய வலை அடியுங்கள்.

31-ஆம் நாள் ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. ஆனால் எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை. தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் முயலுக்கு நாம் பார்க்கும் பிரசவம் என்று டாக்டர் அம்மாள் சொல்லியிருந்தார். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். பெட்டிக்குள் வெள்ளை ரோமக் குவியல் மூச்சு விடுவது போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ராணி வழக்கம்போல மூலையில், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி! இந்தத் தடவை நான் ஏமாறவில்லை.

கையைச் சோப்பில்லாமல் கழுவி, கூண்டுப் புல்லிலேயே தேய்த்துக்கொண்டு, தாய்க்கு ஒரு பிடி கீரை காட்டி அதன் கவனத்தைத் திருப்பிவிட்டுக் குவியலை விலக்கினேன். ஆறு குட்டிகள், ஒன்று மட்டும் உயிரில்லை. அதை எடுத்துவிட்டேன். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வீண் பயம். பழகிய கை என்றால் ஒன்றும் செய்யாது. தினம் ஒரு தடவை பார்ப்பது அவசியம்.

பார்க்க வேண்டியது வயிற்றை. பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு திரண்டிருக்கும். குடிக்காததன் தோல் சுருங்கித் தொய்ந்திருக்கும். வயிறு நிறைந்திருந்தால், தாய் கிட்டே போவதைக் கண்ணால் காணவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். சில சமயம் காம்பைக் கௌவியபடியே ஒரு குட்டி வெளியே இழுபட்டு வந்து சில்லிட்டுக் கிடக்கும். இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்து மெல்லச் சூடேற்றி மற்றவற்றின் நடுவில் விடுங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டவே கூடாது. ஒரு நாள் முழுவதும் எல்லாக் குட்டிகளின் வயிறும் ஒட்டிக் கிடந்தால் டாக்டரைக் கேளுங்கள். புகட்டுவது கடைசி உபாயம். அப்போதும் மல்லாத்திப் படுக்க வைத்து ஊற்றினால் புரையேறும். எங்கள் குட்டி ஒன்று போனது அப்படித்தான்.

தாய் 12 மணி நேரம் இரை எடுக்காவிட்டால், அரை மணிக்கு மேல் முக்கியும் குட்டி வராவிட்டால், காம்புகள் சிவந்து கட்டிக்கொண்டால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்க வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் மருந்துகளைக் கொடுப்பதும் வேண்டாம். நமக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்ஸிஸிலின் மாத்திரையே முயலின் குடலைக் கெடுத்து உயிரை வாங்கிவிடும்.

எங்கே காட்டுவது என்று கேட்பீர்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தூரமில்லை. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பிறகு வேப்பேரிக்கு வந்த பழைய கல்லூரி. அதனோடு ஆஸ்பத்திரியும் உண்டு. தெற்கே வண்டலூரைத் தாண்டினால் பொத்தேரிக்கு அருகே காட்டுப்பாக்கம். 1957-ல் ஏற்பட்ட கால்நடை ஆராய்ச்சிப் பண்ணை அங்கே இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் மத்திய அரசின் நிலையத்தில் முயல் வளர்க்கிறார்கள். அங்கெல்லாம் வளர்ப்பது பெரும்பாலும் இறைச்சிக்காக என்பது வாஸ்தவம்தான். ஆனாலும் ஈனும் பெட்டி முதல் தீவனம் வரை பண்ணைக்காரர்கள் அனுபவத்தில் கண்டதுதான் நம் வீட்டு முயலுக்கும் உதவுகிறது.

குட்டிகளுக்கு ஒரு வாரத்தில் மெல்லிய ரோமம் வந்தது. பத்தாம் நாளுக்கு மேல் கண் திறந்தது. மூன்றாவது வாரம் பெட்டியை விட்டு வெளியே வந்து புல்லைக் கடித்துப் பார்த்தன. பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூண்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவான். எட்டு வாரம் ஆகும் வரை தாயோடு இருக்க வேண்டும். அதற்கு முன் யாருக்கும் கொடுக்கக் கூடாது. பத்து வாரத்துக்குள் ஆண் பெண்ணைப் பிரித்துவிட வேண்டும். அண்ணன் தங்கை என்ற முறையெல்லாம் முயலுக்குத் தெரியாது.

இனி மிகவும் முக்கியமான விஷயம். "நிறையச் சேர்ந்துவிட்டால் வண்டலூர்க் காட்டிலோ நன்மங்கலம் காட்டிலோ விட்டுவிட்டால் போயிற்று" என்று ஒரு சிநேகிதி சொன்னாள். செய்யாதீர்கள்! நம் காட்டு முயல் வேறு, வீட்டு முயல் வேறு. தமிழில் ஒரே பெயராக இருப்பதால் வந்த குழப்பம் இது. காட்டு முயலின் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயலின் பூர்விகம் ஐரோப்பா. நம் காட்டில் அது ஒரு ராத்திரி தாங்காது. (காட்டு முயலைப் பிடித்து வந்து வளர்ப்பதும் 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி குற்றம்.) வைத்துக்கொள்ள முடியாவிட்டால், தெரிந்த குடும்பங்களாகப் பார்த்துக் கொடுங்கள். 1959-ல் காப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் சங்கம் வேளச்சேரி சாலையில் இருக்கிறது. வழி தெரியாதபோது அங்கே யோசனை கேட்கலாம்.

இனிமேல் குட்டியே வேண்டாம் என்றால் கருத்தடை ஆபரேஷன் இருக்கிறது. பெண் முயலுக்கு அதில் இன்னொரு நன்மையும் உண்டு. நாலு வயசுக்கு மேல் கர்ப்பப்பைப் புற்றுநோய் அவற்றுக்கு மிகச் சாதாரணம். ஆபரேஷன் செய்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. ஆணுக்குச் செய்தாலும் உடனே கூடவிடக் கூடாது. ஆறு வாரம் தள்ளி வையுங்கள். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய டாக்டராகப் பார்ப்பது அவசியம். மந்திரிக்கும் ராணிக்கும் இரண்டு பேருக்குமே செய்தாகிவிட்டது. இப்போது மறுபடி ஒரே கூண்டில் சிநேகமாக இருக்கிறார்கள்.

ஐந்து குட்டிகளில் நாலைத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்தோம். கொடுக்கும்போது பேரன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காகிதத்தை நீட்டினான். ஆணா பெண்ணா என்று டாக்டர் அம்மாள் பார்த்துச் சொன்னதை அதில் எழுதியிருந்தான். அதற்குக் கீழே, தன் கோணல் எழுத்தில், "குட்டி போட்டால் அம்மாவிடமிருந்து எடுக்காதீர்கள். ராத்திரி பால் கொடுக்கும்" என்று எழுதியிருந்தான்.

நான் இத்தனை பக்கத்தில் சொன்னதை அவன் இரண்டே வரியில் சொல்லிவிட்டான். நீங்களும் அதை மட்டுமாவது மறக்காமல் இருந்தால் போதும்.